யார் கையால் ஞானஸ்நானம்

இன்றைக்கு லண்டனில், டூட்டிங்கில் ஒரு தமிழ்ச் சபை இருக்கிறது; தோர்ண்டன் ஹீத்தில் இன்னொரு தமிழ்ச் சபை இருக்கிறது. இரண்டும் என் வீட்டு முன்னறையில் பிறந்தவை என்று சொன்னால் இப்போது வருகிற இளவட்டங்கள் நம்புவதில்லை. என் பெயர் பியற்றிஸ். ஆதிச் சபைக் காலத்தில், கொரிந்து பட்டணத்தில், பவுலின் ஆட்கள் என்றும் அப்பொல்லோவின் ஆட்கள் என்றும் சனம் பிரிந்து நின்றபோது, குலோவே என்றொரு பெண்ணின் வீட்டார்தான் அந்தச் சண்டையைப் பவுலின் காதுக்குக் கொண்டுபோனார்களாம். அந்தக் குலோவே என்ன நினைத்தாள், எவ்வளவு எரிச்சல் பட்டாள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. என் விஷயத்தில் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து சனம் வந்து குவிந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த யாக்கோப்பு ஐயாவும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்குக் குரோய்டனில் ஒரு கார்ப்பார்க்கில் காவல் வேலை. ஞாயிறு பின்னேரம் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் முன்னறையில் ஆராதனை நடத்துவார். முதலில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பிறகு சனம் கூடக் கூடச் சோபாவைத் தூக்கிப் பின்வளவில் போட்டோம். மழையில் அது நாசமாய்ப் போனது. அதற்குப் பிறகுதான் பக்கத்துத் தெரு வெள்ளைக்காரக் கோயிலின் ஹோல் மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு எடுத்தோம்.

யாக்கோப்பு ஐயா பெரிய பேச்சாளர் இல்லை. பிரசங்கத்தின் நடுவில் இருமுவார், நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை மேசையில் தேடுவார். ஆனால் ஊரில் என் அம்மா செத்த செய்தி வந்து, போகவும் வழியில்லாமல் நான் குசினியில் விறைத்துப்போய் இருந்தபோது, வேலை முடிந்த கையோடு காவல்காரச் சட்டையோடேயே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தவர் அவர். ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட மனிதரை ஒருவர் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வராதா?

குறைத்துப் பேச ஆள் வந்தது சேகர் வந்த பிறகு. சேகர் மலேசியாக்காரர். இங்கே படிக்க வந்து, தண்ணீர்க் கம்பனி ஒன்றில் எஞ்சினியராகிக் குடியேறிவிட்டவர். நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. வாயைத் திறந்தால் ஹோலில் ஊசி விழுந்தாலும் கேட்கும். தோர்ண்டன் ஹீத்துக்கு வெளியிலிருந்தும் அவருடைய பிரசங்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். ஐயாதான் அவரை அழைத்துப் பிரசங்க மேடையில் ஏற்றியவர். 'தம்பி, எனக்குத் தொண்டை சரியில்லை, நீங்கள் பேசுங்கோ' என்று தொடங்கியது, மாதம் இரண்டு ஞாயிறு சேகருக்கு என்று ஆகிவிட்டது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. சேகரின் ஆட்கள் ஹோலின் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் இடப்பக்கம். ஐயா குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பவர். சேகரோ ஆளை முழுதாகத் தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் அது ஞானஸ்நானம் என்பவர். இதுவே போதும் என்று ஆயிற்று. அந்தப் பக்கத்துக்குத் தலைமை என் சிநேகிதி மேரிறோஸ். இந்தப் பக்கத்துக்கு மளிகைக் கடைக்காரர் செல்வரத்தினம். தேநீருக்குக்கூட மேரிறோஸ் தனியாகப் பிளாஸ்கில் கொண்டுவரத் தொடங்கினாள். இது தவிர, நாங்கள் எந்த மனிதரின் பக்கமும் இல்லை, கிறிஸ்துவின் பக்கம் மட்டும்தான் என்று ஒரு குடும்பம் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஆகவே ஆகாதவர்கள் அவர்கள்தான்.

தொண்ணூற்றோராம் ஆண்டு தொடக்கத்தில் ஐயா இதையெல்லாம் பார்த்துப் பொறுக்காமல் கொரிந்துச் சபையை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். பவுலும் அப்பொல்லோவும் வெறும் வேலைக்காரர்கள். ஒருவர் நட்டார், ஒருவர் தண்ணீர் ஊற்றினார், விளையச் செய்தவர் கடவுள் என்று எடுத்துச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். பிரசங்கம் முடிந்து தேநீர் மேசைக்கு வந்த உடனே செல்வரத்தினம் தொடங்கினார்.

"கேட்டியளோ? நட்டவர் பவுல். இஞ்ச நட்டது ஆர்? எங்கட ஐயா. அப்ப ஐயாதான் பவுல்."

மேரிறோஸ் விடுவாளா? "தண்ணி ஊத்தாமல் விட்டா நட்டது காஞ்சு போயிடும் அண்ணை. சேகர் பிரதர்தான் அப்பொல்லோ. அப்பொல்லோ பேச்சில வல்லவர் எண்டு வேதத்திலயே கிடக்கு."

"அவர் தண்ணிக் கொம்பனிக்காரன், ஊத்தத்தானே வேணும்" என்றேன் நான். எங்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை; கையில் இருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

இதற்கெல்லாம் நடுவில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவர் என் வீட்டுக்காரர். இவர் கோண்டாவில் சைவக் குடும்பம். தபால் கந்தோரில் ஷிப்ட் வேலை. நாங்கள் காதலித்துக் கட்டியவர்கள். இரண்டு வீட்டிலும் எவ்வளவோ எதிர்ப்பு. கட்டிய நாளிலிருந்து இவர் வெள்ளிக்கிழமை விரதத்தை விடவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முன்னறையில் ஆராதனை தொடங்கிய நாளிலிருந்து சபைக்குத் தேநீர் போடுவது இவர்தான். பாட்டு நடக்கும்போது குசினியில் நின்று மெதுவாகக் கூடப் பாடுவார், கண்டுபிடித்துவிட்டால் நிறுத்திவிடுவார். இவரும் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நான் எத்தனை வருடம் செபித்திருப்பேன். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த மார்ச் மாதம் இவருக்கு நெஞ்சு நோவு வந்தது. இருதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்துவிட்டன, நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும், முறை வரும்போது கூப்பிடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒரு காலை, நான் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக் கொண்டிருக்கும்போது சொன்னார்.

"நான் ஞானஸ்நானம் எடுக்கப் போறன். ஒப்பரேஷனுக்கு முதல்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடிவிட்டது. "ஆரிட்ட?" என்று கேட்டேன்.

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு முதல் கேள்வி அதுதானோ?"

"இல்லை... சும்மா கேட்டனான்."

"ஆரெண்டாலும் சரி. ரெண்டு பேரும் நல்ல மனிசர். சேகர் பேசினாத் தேத்தண்ணிக் கேத்திலை நிப்பாட்டிப்போட்டு நிண்டு கேக்கிறனான். ஐயா பேசேக்க நிப்பாட்டுறேல்லை, ஆனா ஐயாவைப் பாத்துக்கொண்டு நிப்பன்." மேசையில் கிடந்த மருந்துப் பெட்டியைத் தள்ளி வைத்தார். "பயத்தில எடுக்கேல்லை. செத்தாப் பிறகு நீர் ஒரு இடத்தில, நான் ஒரு இடத்தில எண்டு இருக்கிறதுக்கு எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான்."

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்குப் போன் பண்ணி வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லிவிட்டு, அழுதபடி சோறு சமைத்தேன். பின்னேரம் இவர் அலுமாரியில் இருந்த பிள்ளையார் படத்தைப் புதுத் துவாயில் சுற்றிச் செவன் கிங்ஸில் இருக்கிற தன் தங்கச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்க போனாலும் அவர் உங்களைப் பாத்துக்கொள்ளுவார் அண்ணை" என்று மட்டும் சொன்னாளாம்.

செய்தி வெளியில் போனதுதான் தாமதம். முதலில் வந்தவர் செல்வரத்தினம், கை நிறையப் பட்டிஸும் ரோல்ஸுமாக. நெஞ்சு வருத்தக்காரனுக்கு எண்ணெய்ப் பலகாரம் கொண்டுவந்த புத்திசாலி. "கணேஸ் அண்ணை, இந்த வீட்டிலதான் ஐயா சபையைத் தொடங்கினவர். உங்களுக்கு ஐயாதான் குடுக்க வேணும். வேற ஆரும் குடுத்தா அது ஐயாவின்ர முகத்தில அடிச்ச மாதிரி."

அவர் போன கையோடு மேரிறோஸ் வந்தாள், பழங்களோடு. இந்த விஷயத்தில் அவளுக்குப் புத்தி அதிகம். "அண்ணை, ஏழு வருஷம் ஐயாவின்ர பிரசங்கம் கேட்டும் உங்களுக்கு வராத மனசு சேகர் பிரதரின்ர பேச்சிலதானே வந்தது. அப்ப அவர்தானே குடுக்க வேணும்?"

"இருதய வருத்தக்காரனைத் தண்ணிக்குள்ள அமுக்கிக் கொல்லப் போறியளோ?" என்று நான் பாய்ந்தேன்.

"நாலு துளி தெளிச்சா அது ஞானஸ்நானமோ, தூறலோ?" என்றாள் அவள். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய சிநேகிதி. அதற்குப் பிறகு ஒரு மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

இவர் ஒரு தோடம்பழத்தை உரித்துத் தின்றுகொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாவில் தேர் இழுக்க இரண்டு ஊர் அடித்துக்கொண்டதைச் சின்ன வயதில் தான் பார்த்திருப்பதாகவும், கடைசியில் தேர் வெயிலில் நின்றதாகவும் பிறகு எனக்குச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஹோலில் ஆராதனை முடிந்ததும் வெடித்தது. யார் கொடுப்பது என்று செல்வரத்தினம் எழும்பிக் கேட்டார். வலப்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். கதிரை ஒன்று விழுந்தது. நடுக் குடும்பம் கண்ணை மூடிச் செபிக்கிற மாதிரி இருந்தது. இவர் தேநீர் மேசைக்குப் பின்னால் நின்றார். தன்னைப் பற்றித்தான் இந்தச் சண்டை என்று வெட்கத்தில் முகம் கறுத்துப் போயிருந்தது.

அப்போது யாக்கோப்பு ஐயா மெதுவாக எழும்பினார். "கொரிந்தில சண்டை வந்தபோது, நான் உங்களில ஒண்டிரண்டு பேருக்கு மேல ஞானஸ்நானம் குடுக்காமல் விட்டது நல்லதாப் போச்சு எண்டு பவுல் சொன்னவர். என்ர பேரில ஒரு கட்சி வரக்கூடாது எண்டு. எனக்கும் அதுதான். கணேசலிங்கத்துக்கு நான் குடுக்கமாட்டன். சேகர் தம்பி குடுக்கட்டும்."

சேகரும் எழும்பிவிட்டார்.

"ஐயா, மன்னிச்சிருங்க. பவுல் திரும்பப் போகச் சொல்லியும் அப்பொல்லோ கொரிந்துக்குப் போகல. ஏன்னா, போனா கட்சி பெருசாகும்னு அவருக்குத் தெரியும். நானும் செய்யமாட்டேன். நீங்கதான் மூத்தவர், நீங்கதான் செய்யணும்."

"இல்லைத் தம்பி, நீங்கள்."

"இல்லைங்கய்யா, நீங்கதான்."

கல்யாண வீட்டில் யார் முதலில் சாப்பிட உட்காருவது என்று இரண்டு சம்பந்திகள் மாறி மாறி விட்டுக் கொடுப்பார்களே, அப்படி. இரண்டு பேரும் மனதாரத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை. ஒருவரை ஒருவர் பிடிக்காதவர்களாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் கொடுத்துத் தொலைத்திருப்பார். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்ததால் என் மனுஷன் நடுவில் நின்றார்.

இப்படியே மூன்று ஞாயிறு போனது. நான் ஐயாவிடம் தனியே போய்க் கெஞ்சினேன். மேரிறோஸ் சேகரிடம் போய்க் கெஞ்சினாளாம். கடைசியில் ஒரு சமாதானம் பிறந்தது: ஏப்ரல் கடைசி ஞாயிறு, ஐயா இவருடைய பெயரைச் சொல்லி ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்வது, சேகர் பெரிய குடத்தால் தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றுவது. தெளிப்பும் இல்லை, முழுக்கும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து. செல்வரத்தினம் தன் கடையில் இருந்து புதுப் பிளாஸ்டிக் தொட்டி தருவதாகச் சொன்னார். இவருக்கு அன்றைக்குத்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. வெள்ளை வேட்டி, சேட் எல்லாம் நான் துவைத்து, அயர்ன் பண்ணி வைத்தேன்.

அந்த ஞாயிறுக்கு முந்திய வியாழன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ ஒருவருடைய ஒப்பரேஷன் தள்ளிப் போய்விட்டது, கட்டில் காலி, உடனே வாருங்கள், நாளைக்குக் காலை செய்கிறோம். வராவிட்டால் மறுபடி முறை வர எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றாள் போனில் பேசிய பெண். நாங்கள் போனோம். போகாமல் என்ன செய்வது? சோதனைகள் எல்லாம் முடிந்து நான் வீடு திரும்பும்போது நடுச்சாமம் ஆகிவிட்டது; அந்த நேரத்தில் ஒருவரையும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் வார்டுக்குப் போனபோது இவருக்குப் பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரிச் சட்டை போட்டிருந்தார்கள். நெஞ்சு மயிரை வழித்திருந்தார்கள். கட்டில் தலைமாட்டில், வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அட்டை தொங்கியது; பக்கத்து மேசையில் இருந்த தண்ணீர்ச் சாடியையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"இஞ்சேரும்" என்றார். "அவையள் ஆரும் வருவினமோ?"

"இப்ப கூப்பிடுறன்."

"பதட்டப்படாதையும். வந்தா நல்லம்." அவர் கை குளிர்ந்து கிடந்தது. தனக்குத்தானே பதட்டப்படாதே என்று சொல்லிக்கொள்கிற மாதிரிதான் எனக்குச் சொன்னார்.

வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் காசு போடுகிற போன் இருந்தது. ஐயா வேலைக்குப் போக வெளிக்கிடுகிற நேரம், எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ" என்றார். பிறகு, "சேகர் தம்பிக்குச் சொன்னனீங்களோ? ரெண்டு பேரும் எண்டு சபைக்கு முன்னால ஒத்துக்கொண்டது பிள்ளை. அவரை விட்டிட்டு நான் தனிய வந்து செய்தா, ஏமாத்திப்போட்டன் எண்டு அந்தப் பக்கம் சொல்லும். முதல் அவரைக் கேளுங்கோ, நான் போனடியிலயே நிக்கிறன்."

சேகரைக் கூப்பிட்டேன். "அக்கா, இப்பவே கிளம்புறேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே, "ஆனா ஐயா வராம நான் கை வைக்க முடியாதுக்கா. அவருக்குக் கொடுத்த வாக்கு. நான் போய் அவரைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்றார். அவர் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஐயா இருப்பது குரோய்டனில். ஆஸ்பத்திரியோ வேறு ஒரு திசையில். வெள்ளிக்கிழமைக் காலை, லண்டன் ட்ரஃபிக்.

போனை வைத்தேன். மெதுவாக வைக்கவில்லை. தாழ்வாரம் கூட்டிக்கொண்டிருந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஐயாவிலும் கோபம், சேகரிலும் கோபம், செல்வரத்தினத்திலும் மேரிறோஸிலும் கோபம், 'ஆரிட்ட' என்று கேட்ட என் வாயிலும் கோபம். என் மனுஷன் இரண்டு கோயில் வாசலும் திறந்திருக்க, வெளியே நிற்கிறார்.

வார்டுக்குத் திரும்பினேன். அவரை இன்னும் கொஞ்சத்தில் கொண்டுபோய்விடுவார்கள் என்று தாதி சொன்னாள். ஆஸ்பத்திரிப் போதகரைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டாள், நல்ல பிள்ளை. அவர் பத்து மணிக்குத்தான் வருவாராம். இவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். "இந்த விஷயம் தமிழில வேணும். இங்கிலிஷில எண்டா எனக்குத் தபால் பிரிக்கிற மாதிரி இருக்கும்."

"நான் தாறன்" என்றேன்.

"என்னத்தை?"

"ஞானஸ்நானம். ஆபத்து நேரத்தில எந்த விசுவாசியும் குடுக்கலாம். எங்கட சபையில அப்பிடி ஒரு முறை இருக்கு. நான் குடுக்கிறன்."

இவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "நீரோ?" என்றார். பிறகு, "ஓம். தாரும்" என்றார்.

மூலையில் கை கழுவுகிற பேசின் இருந்தது. குளிர்த் தண்ணீர்ப் பைப் இறுகிக் கிடந்தது. மற்றதைத் திறந்தால் இளஞ்சூடாக வந்தது. அட்டைக் கிண்ணம் ஒன்றில் பிடித்தேன். தாதி ஓடிவந்து, அவர் குடிக்கக் கூடாது, ஒரு சொட்டும் கூடாது என்று பதறினாள். குடிக்க இல்லை, தலைக்கு என்றேன். என் முகத்தைப் பார்த்து என்ன விளங்கியதோ, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுத் தானும் உள்ளே நின்றாள்.

கிண்ணத்தைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு அது பட்டது. பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் ஞானஸ்நானம் இல்லை. கட்டின நாள் முதல் நான் இவர் பெயரை வாயால் சொன்னதில்லை. இஞ்சேருங்கோ என்பேன், அப்பா என்பேன், மற்றவர்களிடம் இவர் என்பேன். கந்தோரில் பெயர் கேட்டால் அவரே சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கிறிஸ்தவப் பள்ளிக்கூடம், லண்டன் வாழ்க்கை, காதல் கல்யாணம் எல்லாம் இருந்தும் அந்த ஒன்று மட்டும் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரும் சொன்னதில்லை. மரியாதை என்று சொல்லித் தந்தார்கள், பழகிப் போனது. ஒரு நாள் விளையாட்டுக்குச் சொல்லு என்று இவரே கேட்டும் எனக்கு நாக்கு எழும்பவில்லை.

கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினேன். தாதி என்னைப் பார்த்தாள். இவரும் பார்த்தார், கண்ணால் பொறுத்துக்கொண்டு.

"கணேசலிங்கம்" என்றேன்.

குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. இவர் கண் நிறைந்து வழிந்தது. பிறகு பிதாவின் பெயரையும் குமாரனின் பெயரையும் பரிசுத்த ஆவியின் பெயரையும் சொல்லி, மூன்று தரம் தலையில் ஊற்றினேன். மூன்றாம் தரம் கிண்ணம் சரிந்து மிச்சத் தண்ணீரும் கொட்டிவிட்டது. 'ஆமென்' என்று தாதி தன் உச்சரிப்பில் சொன்னாள்.

அவள் தலையைத் துடைத்து முடிக்க முன்னமே தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இவரைக் கொண்டுபோய் அரை மணி நேரம் கழித்து யாக்கோப்பு ஐயாவும் சேகரும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். ஐயா காவல்காரச் சட்டையில். சேகர் கையில் ஒரு வெறுங் குடம். இரண்டு பேரும் ஒரே காரில் வந்து, எங்கோ நிறுத்த இடம் கிடைக்காமல் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். காலியான கட்டிலைப் பார்த்ததும் ஐயா அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

"நான் குடுத்திட்டன்" என்றேன். "மூண்டு தரம், தலையில ஊத்தி. செல்லாது எண்டு உங்கள் ரெண்டு பேரில ஒருதர் சொன்னாலும், நானும் இவரும் இனி எந்தச் சபைக்கும் வாறேல்லை. இப்பவே சொல்லுங்கோ."

ஐயா, "ஸ்தோத்திரம்" என்றார். "செல்லும் பிள்ளை. நான் செய்ய வேண்டியதை நீர் செய்தனீர்."

சேகர் குடத்தைத் தரையில் வைத்தார். எனக்குத் தெரியும், அவருக்கு இது லேசான விஷயம் இல்லை. முழுகாத ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை என்று அவர் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் வலப்பக்கம் முழுவதும் அவர் பின்னால் நிற்கிறது. அவர் குனிந்து கட்டிலைத் தொட்டுப் பார்த்தார்.

"தலையணையெல்லாம் நனைஞ்சிருக்கே அக்கா."

"கிண்ணம் சரிஞ்சு போச்சு."

"விரிப்பும் நனைஞ்சிருக்கு." கையைத் துடைக்காமல் அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டார். "போதும். இது போதும்க்கா. எங்க ஆளுங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

நாங்கள் மூன்று பேரும் தாழ்வாரத்தில் போட்டிருந்த கதிரைகளில் உட்கார்ந்தோம். ஐயாவின் அன்றைய வேலை போயிற்று. சேகரின் காரைப் பொலிஸ் இழுத்துக்கொண்டு போயிற்று. இருவரும் அசையவில்லை. பின்னேரம் டொக்டர் வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லும்வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

இதோடு சபை ஒன்றாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பொம்பிளை கொடுத்தது எப்படிச் செல்லும் என்று இடப்பக்கமும், ஒரு கிண்ணத் தண்ணீர் எப்படிச் செல்லும் என்று வலப்பக்கமும் கேட்டன. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்தன. அடுத்த வருடம் சபை இரண்டாகிப் போனது. ஐயாவும் சேகரும் தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. அவர்கள் மட்டும் இன்றைக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறார்கள். நானும் மேரிறோஸும் கதைக்கத் தொடங்கிவிட்டோம், அது வேறு கதை.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னை உள்ளே விட்டார்கள். வாயில் இருந்த குழாயைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள். நெஞ்சு முழுவதும் கட்டு. குரல் கரகரத்தது.

"அவையள் வந்தவையோ?"

"ரெண்டு பேரும் வந்தவை. ஒரே காரில."

"சண்டை பிடிச்சவையோ?"

"இல்லை."

"அப்ப நான் செத்துப்போனன் எண்டுதான் நினைச்சிருப்பினம்" என்றார்.

நான் சிரித்தேன், சிரித்தபடியே அழுதேன். இவர் சிரிக்கப் பார்த்து, நெஞ்சு நோகவே நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு மறுபடி திறந்தார்.

"இன்னொருக்காச் சொல்லும்."

"என்னத்தை?"

"என்ர பேரை."

"ஞானஸ்நானம் ஒருக்காத்தான் அப்பா" என்றேன்.

இவர் தலையை மெல்ல ஆட்டினார், ஒத்துக்கொண்ட மாதிரி. நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னாள். அவள் அடுத்த கட்டிலுக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்தேன். பிறகு காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன்.